அட்வைஸ் சொல்ல எந்த அகராதி? லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தளங்கள்: ஒரு மதிப்புரை

தமிழில் "ஒரு டிப்ஸ் சொல்லுங்க" என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதையே "டெல் மீ ஒன் டிப்ஸ்" என்று ஆங்கிலமாக்கினால் நான்கு சொல்லில் மூன்று தவறு. "டெல்" இருக்கும் இடத்தில் "கிவ்" வேண்டும். "ஒன்" இருக்கும் இடத்தில் வெறும் "அ" போதும். "டிப்ஸ்" என்பது பன்மை. ஒன்றே ஒன்று என்றால் "டிப்". தமிழுக்குள் வந்த "டிப்ஸ்" ஒருமையாகவே குடியேறிவிட்டது, அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை. "கிவ் மீ அ டிப்" என்று திருத்தியபின் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: இதை மேலதிகாரியிடம் கேட்கலாமா?

யோசனை சொல்வதற்கும் கேட்பதற்கும் பயன்படும் ஆங்கிலத் தொடர்களைக் கற்றுக்கொள்ள, "அன்றாடம் பயன்படும் 500 இடியம்" வகைப் புத்தகங்களும் வீடியோக்களும் கடல் போலக் கிடக்கின்றன. அவற்றில் தொடர் இருக்கும், தமிழ்ப் பொருள் இருக்கும், அதோடு சரி. யார் யாரிடம் சொல்வது, தொடருக்குப் பின்னால் என்ன வடிவம் வரும், சொன்னால் எவ்வளவு காரமாக இருக்கும், எந்த ஊர் ஆங்கிலம் என்ற நான்கும் இருக்காது. இந்த நான்கையும் சொல்லக்கூடிய கருவி அயல்மொழிக்காரர்களுக்காகவே எழுதப்பட்ட லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. மூன்று பெரிய லேர்னர்ஸ் அகராதிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அறிவுரை, யோசனை என்ற ஒரே வேலையை மட்டும் வைத்து மூன்றையும் எடை போடுகிறது இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதற்கு லாங்மேன். எவ்வளவு காரம் என்பதற்கு கேம்பிரிட்ஜின் கிராமர் பகுதி. இடியத்துக்கும் வினைச்சொல் அமைப்புக்கும் ஆக்ஸ்ஃபோர்டு. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் லாங்மேன். ஆங்கிலம்–தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கினால் சறுக்கும்; ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒலியிலிருந்து தொடங்கலாம். "அட்வைஸ்" என்று தமிழில் எழுதும்போது இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒரே உருவத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. சி எழுத்து போட்டு எழுதுவது பெயர்ச்சொல், அறிவுரை. எஸ் எழுத்து போட்டு எழுதுவது வினைச்சொல், அறிவுரை கூறு. பெயர்ச்சொல்லின் கடைசி ஒலி பனிக்கட்டியைக் குறிக்கும் "ஐஸ்" போல. வினைச்சொல்லின் கடைசி ஒலி கண்களைக் குறிக்கும் "ஐஸ்" போல, அதாவது இஸட் எழுத்தின் ஒலி. பாருங்கள், இந்த எடுத்துக்காட்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே வந்து நிற்கிறது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தரும் அகராதிகள் எவ்வளவு கவனமாகத் தொகுக்கப்பட்டிருந்தாலும் இந்த இடத்தில் கைவிரித்தே ஆக வேண்டும். குரல்வளையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு பிடிபடும்: வினைச்சொல்லில் கடைசி ஒலி வரை அதிர்வு இருக்கும், அதற்கு முந்தைய "ஐ" சற்று நீளும். பெயர்ச்சொல்லில் அதிர்வு முன்பே நின்றுவிடும், "ஐ" குறுகும்.

இதற்கு மூன்று தளங்களிலும் ஒலிப்பதிவு உண்டு, பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டும். லாங்மேன் ஒரு படி மேலே போய், தான் தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படித்துக் காட்டுகிறது. தனிச்சொல்லைக் கேட்பதை விட வாக்கியத்தைக் கேட்பது பத்து மடங்கு பயன். "ஹேட் பெட்டர்" என்பதில் "ஹேட்" எப்படி ஏறக்குறைய காணாமல் போகிறது என்பது வாக்கியத்தில்தான் காதில் விழும். ஒரு சின்ன எச்சரிக்கை: லாங்மேனில் சிவப்பு ஒலிபெருக்கி பிரிட்டிஷ், நீலம் அமெரிக்கன். ஆக்ஸ்ஃபோர்டில் நேர்மாறு. இரண்டுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்தது எண்ணிக்கை. தமிழில் அறிவுரைகள், ஆலோசனைகள், யோசனைகள் எல்லாம் பன்மை ஏற்கும். ஆங்கிலத்தில் "அட்வைஸ்" தண்ணீர் போல, எண்ண முடியாது. "அன் அட்வைஸ்" கிடையாது, பன்மையும் கிடையாது. எண்ணியே ஆக வேண்டும் என்றால் "அ பீஸ் ஆஃப் அட்வைஸ்". எச்சரிக்கை கலந்த ஒரு சின்னச் சொல் என்றால் "அ வேர்ட் ஆஃப் அட்வைஸ்". அதே குடும்பத்தில் "டிப்", "சஜஷன்", "ஐடியா", "ரெகமெண்டேஷன்" எல்லாம் எண்ணக்கூடியவை. ஆகவே மூன்று யோசனை சொல்ல வந்தவர் "த்ரீ சஜஷன்ஸ்" என்று போனால் தப்பித்தார். இந்த எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்ற குறி மூன்று அகராதிகளிலும் உண்டு. ஆனால் குறியைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு வாசகருடையது. லாங்மேன் அதை விட்டுவிடாமல், எழுதக்கூடாத தவறான வடிவத்தையே காட்டிச் சொல்லிவிடுகிறது.

லாங்மேனின் உண்மையான பலம் கொலொகேஷன் பெட்டி. "அட்வைஸ்" என்று தேடி, பொருளைத் தாண்டிக் கீழே இறங்குங்கள். அந்தச் சொல்லோடு எந்த வினைச்சொற்கள் சேரும், எந்தப் பெயரடைகள் சேரும் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாக்கியத்தோடு வரும். நம் ஆட்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், தமிழில் அறிவுரையைச் "சொல்கிறோம்", யோசனையைச் "சொல்கிறோம்", ஐடியாவையும் "சொல்கிறோம்". ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை. அட்வைஸ் என்றால் "கிவ்" அல்லது "ஆஃபர்". சஜஷன் என்றால் "மேக்". புது ஐடியாவை யோசித்துக் கொண்டுவந்தால் "கம் அப் வித்". "ஹி டோல்ட் அ குட் ஐடியா" என்பது தமிழ் வாக்கியத்துக்குப் போட்ட ஆங்கில உடை. அட்வைஸைக் கேட்டு நடப்பதற்கு "டேக்" அல்லது "ஃபாலோ". "லிஸன் டு" என்றால் காது கொடுப்பது வரைதான், நடப்பது உறுதியில்லை. நிபுணரிடம் முறையாகப் போய்க் கேட்டால் "சீக்", இது கடிதத்துக்கும் அறிக்கைக்கும் ஏற்றது, வீட்டுப் பேச்சில் விறைப்பாக இருக்கும்.

இந்த அகராதிக்கு இன்னொரு வசதி உண்டு. 1978இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து, ஏறக்குறைய 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்தே விளக்கம் எழுதுவது அதன் வழக்கம். பொருள் பார்க்கப் போய், அந்தப் பொருளில் இருக்கும் சொல்லுக்கு இன்னொரு முறை பொருள் பார்க்கும் அலைச்சல் பெரிதும் குறைகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்காக ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி "சஜஸ்ட்". தமிழர்கள் ஆங்கிலத்தில் அதிகம் தடுக்கி விழும் வினைச்சொற்களில் இதற்கு முன்வரிசை இடம் உண்டு. "எனக்கு ஒரு நல்ல ஹோட்டல் சொல்லுங்க" என்பதில் இருக்கும் "எனக்கு" அப்படியே தாவிப் போய் "சஜஸ்ட் மீ அ குட் ஹோட்டல்" ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் "சஜஸ்ட்" என்ற வினைக்குப் பின்னால் ஆள் நேராக வர முடியாது. "கேன் யூ சஜஸ்ட் அ குட் ஹோட்டல்?" என்றால் போதும், யாருக்கு என்று சொல்லியே தீர வேண்டும் என்றால் பொருளைச் சொன்னபின் "டு" போட்டு ஆளைச் சேர்க்க வேண்டும். செயலைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு வழி: "ஐ சஜஸ்ட் வெயிட்டிங்", அல்லது "ஐ சஜஸ்ட் தட் வீ வெயிட்". "சஜஸ்ட் டு வெயிட்" கிடையாது. "சஜஸ்டட் ஹிம் டு கோ" என்பதும் கிடையாது. அந்த அமைப்பு "அட்வைஸ்" வினைக்கு உரியது: "ஐ அட்வைஸ்ட் ஹிம் டு கோ". இந்த இடத்தில் தடுக்குகிறவர்களில் பலர் மனத்தில் "அட்வைஸ்" அமைப்பை வைத்துக்கொண்டுதான் வாயில் "சஜஸ்ட்" சொல்கிறார்கள்.

இங்கே ஆக்ஸ்ஃபோர்டு முந்துகிறது. "சஜஸ்ட்" பதிவில் ஒவ்வொரு அமைப்பும் தடித்த எழுத்தில் தனி வரியாக நிற்கும், அதன் கீழே அதற்கான வாக்கியம். ஆளை நேராகப் போடக்கூடாது என்பதற்குத் தனிக் குறிப்பும் உண்டு. அந்த அகராதியின் பிறப்பே இதற்குக் காரணம் என்று சொல்லலாம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ.எஸ். ஹார்ன்பி, இருவரோடு சேர்ந்து, ஜப்பானிய மாணவர்களை மனத்தில் வைத்துத் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது. எந்த வினைக்குப் பின்னால் எந்த வடிவம் வரும் என்பதை அட்டவணை போட்டு ஒழுங்குபடுத்தியதுதான் ஹார்ன்பியின் பெரிய வேலை. 2020இல் வந்த பத்தாம் பதிப்பு வரை அந்த அக்கறை மங்கவில்லை.

கேம்பிரிட்ஜும் அமைப்புகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் தருகிறது, ஆனால் இலக்கணச் சொற்கள் தெரிந்தவர்களுக்குத்தான் அது பேசும். "தட்" வாக்கியத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது: "ஐ சஜஸ்டட் தட் ஹி கோ" என்று வினை மொட்டையாக வருவது அமெரிக்காவில் இயல்பு, பிரிட்டனில் "ஹி ஷுட் கோ" அதிகம். "கோ"வுக்குப் பின்னால் விகுதி விட்டுப்போனதாக நினைத்துத் திருத்த வேண்டாம்.

இப்போது காரம். இந்த மதிப்புரையில் அதிகம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. "பாரு", "பாருங்க", "பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்று நீட்ட நீட்டப் பணிவு கூடும். ஆங்கிலத்தில் "யூ" ஒன்றுதான், "நீ"யும் "நீங்க"ளும் அதற்குள்ளேயே. மரியாதையை ஏற்றுவதற்கு "குட்", "மைட்", "வுட்" போன்ற துணைவினைகளும், கேள்வி வடிவமும், பேச்சைச் சுற்றி வளைப்பதும்தான் வழி. இதைத் தெரியாமல் சரியான இலக்கணத்தோடு தவறான தொனியில் பேசுவது மிக எளிது.

"ஹேட் பெட்டர்" இதற்கு முதல் எடுத்துக்காட்டு. "பெட்டர்" என்ற சொல்லைப் பார்த்ததும் "செய்வது நல்லது" என்று தமிழ் மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. தமிழில் "இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுறது நல்லது சார்" என்பது பணிவான நினைவூட்டல். "யூ ஹேட் பெட்டர் சைன் இட் டுடே, சார்" என்பதில் "போடலைன்னா நடக்கிறதைப் பாருங்க" என்ற தொனி ஏறிவிடும். செய்யாவிட்டால் கெடுதல் வரும் என்ற எச்சரிக்கை இந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. தங்கைக்கு, நண்பனுக்கு, மழை வரும்போது குடை எடுக்காமல் கிளம்புகிறவருக்குச் சொல்லலாம். வாடிக்கையாளருக்கும் அதிகாரிக்கும் வேண்டாம். அமைப்பிலும் கவனம் தேவை: எப்போதும் "ஹேட்" தான், "ஹேவ்" ஆகாது, பார்க்க இறந்தகாலம், பொருளோ இப்போதும் இனிமேலும், பின்னால் "டு" வராது, எதிர்மறை "ஹேட் பெட்டர் நாட்". குறிப்பிட்ட ஒரு சூழலுக்கு மட்டுமே இது வரும். "எல்லாரும் நிறையத் தண்ணி குடிக்கணும்" போன்ற பொது அறிவுரைக்கு "ஷுட்". நம் ஊரில் புழங்கும் "பெட்டர் யூ கோ பை பஸ்" தமிழ்நாட்டுக்குள் புரியும், வெளியே கொஞ்சம் விசித்திரமாக ஒலிக்கும்.

கேம்பிரிட்ஜ் தளத்தின் மதிப்பு இங்கேதான். தேடல் பெட்டியில் அகராதிக்குப் பதிலாகக் கிராமர் என்பதைத் தேர்ந்தெடுத்து "ஹேட் பெட்டர்" என்று போட்டால் முழுப் பக்கம் ஒன்று திறக்கும். இது காரமான தொடர் என்பதை அது வெளிப்படையாகச் சொல்கிறது. கேள்வியும் எதிர்மறையும் எப்படி அமையும் என்று காட்டுகிறது. எது தவறு என்று எச்சரிக்கிறது. "ஷுட்", அட்வைஸின் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் ஆகியவற்றுக்கும் இதே போலத் தனிப் பக்கங்கள் உண்டு. அகராதிப் பகுதிக்கு மட்டும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் வீட்டின் திண்ணையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"ஷுட்" நடுத்தரம். சமமானவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். மேலே இருப்பவரிடம் "யூ ஷுட் செக் த ஃபிகர்ஸ்" என்றால் வாத்தியார் தொனி. முன்னால் "ஐ திங்க்" அல்லது "மேபி" போட்டால் சூடு தணியும். "ஆட் டு" ஏறக்குறைய அதே பொருள், புழக்கம் குறைவு.

"மஸ்ட்" பற்றி ஒரு வேடிக்கை உண்டு. "யூ மஸ்ட் ட்ரை திஸ் பிரியாணி" அன்பு. "யூ மஸ்ட் சேஞ்ச் திஸ் ரிப்போர்ட்" கட்டளை. கேட்பவருக்குப் பலன் என்றால் எவ்வளவு அழுத்தினாலும் உபசாரம். கேட்பவருக்கு வேலை என்றால் அதே சொல் அதிகாரம். தமிழிலும் "கண்டிப்பா சாப்பிடணும்", "கண்டிப்பா முடிக்கணும்" இரண்டும் அப்படித்தான். இந்த வேறுபாட்டை இப்படி நேராக அகராதிகள் சொல்வதில்லை. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்து நாமே பிடிக்க வேண்டும்.

மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பான தொடர்கள் மூன்று. "யூ மைட் வான்ட் டு செக் த டேட்": சொல்லுக்குச் சொல் போட்டால் "நீங்கள் தேதியைச் சரிபார்க்க விரும்பலாம்" என்ற பொருளற்ற தமிழ் வரும். உண்மைப் பொருள் "தேதியை ஒருதரம் பாத்துட்டீங்கன்னா நல்லது". இரண்டாவது "இட் மைட் பி வொர்த் செக்கிங் த டேட்". "வொர்த்" பின்னால் "-இங்" வடிவம்தான், "டு" கிடையாது. இதில் "யூ"வே இல்லை என்பதால் யாரையும் சுட்டாது, அதுவே இதன் நயம். மூன்றாவது "இட் வுடன்ட் ஹர்ட் டு செக்", "பாத்தா ஒண்ணும் கெட்டுப்போயிடாது" என்ற தொனி. சற்று பேச்சுவழக்கு, மின்னஞ்சலில் தெரிந்தவருக்கு மட்டும்.

இவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து ஏமாற்றும் ஒரு தொடர் "மைட் அஸ் வெல்". பணிவான யோசனை போலத் தோன்றும். உண்மையில் "வேற வழி இல்ல, இதையே செஞ்சுத் தொலைக்கலாம்" என்ற அலுப்பு. பேருந்து போய்விட்டது, நடந்தே போகலாம் என்பதற்குப் பொருந்தும். விருந்தாளியிடம் "யூ மைட் அஸ் வெல் ஸ்டே ஃபார் டின்னர்" என்றால் அவர் கிளம்பிவிடுவார்.

"இஃப் ஐ வேர் யூ" எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதை முடிக்கத் தெரிவதில்லை. "நான் உங்க இடத்துல இருந்தா" என்று தொடங்கியபின் பேச்சு "நான்" என்றே தொடர வேண்டும்: "ஐட் வெயிட்". "இஃப் ஐ வேர் யூ, யூ ஷுட் வெயிட்" என்பது பாதி வழியில் ஆள் மாறிய வாக்கியம்.

"ஒய் டோன்ட் யூ" இதமான யோசனை, நண்பர்களுக்கு. ஒரு எழுத்துக்கூட்டு மாறி "ஒய் டிடின்ட் யூ" ஆனால் குற்றச்சாட்டு. "ஹவ் அபவுட்" பின்னால் பெயரோ "-இங்" வடிவமோ. "ஹேவ் யூ ட்ரைட்" பின்னால் "ரீஸ்டார்டிங்" என்றால் "ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா" என்ற யோசனை. "டு ரீஸ்டார்ட்" என்றால் அதைச் செய்ய முயன்றீர்களா, முடிந்ததா என்ற விசாரணை. தொழில்நுட்ப உதவி மையத்தில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் தொடர் இது; முதல் வடிவமே வேண்டும்.

யோசனைக்குப் பதில் சொல்லும் தொடர்களைப் பெரும்பாலும் தனித்தனியாகத் தேடியெடுக்க வேண்டும். "தட்ஸ் அ தாட்" என்றால் "அட, இது தோணலையே". "ஐ வில் பேர் தட் இன் மைண்ட்" என்றால் "மனசுல வச்சுக்கறேன்", தமிழில் போலவே பல நேரம் நாகரிகமான மறுப்பு. "தட்ஸ் அன் இன்ட்ரஸ்டிங் ஐடியா" என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கணக்குப் போட வேண்டாம். இந்தக் கடைசி நுணுக்கம் அகராதியில் அகப்படாது.

இடியங்களுக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் இடியங்கள் பதிவின் கடைசியில் தனிப் பகுதியாக இருக்கும், தொடரின் முதல் முக்கியச் சொல்லின் கீழ். முதல் சொல் "டேக்", "கெட்", "குட்" போல எங்கும் வரும் சொல்லாக இருந்தால் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். ஆகவே ஒருவரைப் பார்த்துப் பின்பற்றுவது என்ற பொருளுள்ள "டேக் அ லீஃப் அவுட் ஆஃப் சம்படிஸ் புக்" இருப்பது "லீஃப்" பதிவில். பதிவைத் திறந்ததும் பொருளுக்கு முன்னால் சாய்வெழுத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள்: இன்ஃபார்மல் (பேச்சுவழக்கு), ஓல்ட்-ஃபேஷண்ட் (பழைய வழக்கு), டிஸ்அப்ரூவிங் (குறைசொல்லும் தொனி), ஹ்யூமரஸ் (வேடிக்கை). ஓல்ட்-ஃபேஷண்ட் என்று இருந்தால் படிக்கும்போது புரிந்தால் போதும், பயன்படுத்த வேண்டாம். கேம்பிரிட்ஜில் பல இடியங்களுக்குத் தனிப் பக்கமே உண்டு, தொடரை முழுதாகத் தட்டினால் நேராகப் போய்விடலாம். அவசரத்துக்கு அது வசதி.

எடுத்துக்காட்டாகச் சில. "ஸ்லீப் ஆன் இட்" என்றால் முடிவை நாளைக்குத் தள்ளுவது, "ஒரு ராத்திரி யோசிச்சுட்டுச் சொல்றேன்". காலவரையின்றி ஆறப்போடுவது இல்லை. "ரூல் ஆஃப் தம்ப்" நம் கைக்கணக்கு: ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் போல, அனுபவத்தில் வந்த தோராய விதி. "ஆஃப் த டாப் ஆஃப் மை ஹெட்" என்றால் சட்டென்று தோன்றுவதைச் சொல்கிறேன், சரிபார்க்கவில்லை என்ற முன்ஜாமீன்; அலுவலகக் கூட்டத்தில் மிகவும் கைகொடுக்கும். "ஃபூட் ஃபார் தாட்" என்பதை நல்ல யோசனை என்ற பொருளில் பலர் போடுகிறார்கள். அது ஆழமாக யோசிக்க வைக்கும் விஷயம். அதில் செய்ய வேண்டிய யோசனை எதுவும் இருக்க வேண்டியதில்லை.

"பிஞ்ச் ஆஃப் சால்ட்" தமிழருக்கென்றே வைத்த பொறி. தமிழில் உப்பு என்றால் ரோஷம், நன்றி: உப்புப் போட்டுச் சாப்பிடுகிறாயா, உப்பிட்டவரை உள்ளளவும் நினை. அந்த வாசனையோடு "டேக் ஹிஸ் அட்வைஸ் வித் அ பிஞ்ச் ஆஃப் சால்ட்" என்பதைக் கேட்டால் அவர் சொல்வதை மதித்து நட என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது. பொருளோ நேர் எதிர்: முழுசாக நம்பாதே.

இதே தொடர் அமெரிக்காவில் "கிரெய்ன் ஆஃப் சால்ட்". இப்படி ஊர் மாறும் தொடர்களை மூன்று அகராதிகளும் குறித்துக் காட்டுகின்றன. அந்தக் குறியை அலட்சியப்படுத்தினால் சில இடங்களில் விபரீதம். திடீரென்று உதிக்கும் அருமையான யோசனை பிரிட்டனில் "பிரெய்ன்வேவ்", அமெரிக்காவில் "பிரெய்ன்ஸ்டார்ம்". பிரிட்டனில் "ஐ ஹேட் அ பிரெய்ன்ஸ்டார்ம்" என்றால் புத்தி ஒரு கணம் பிசகிவிட்டது என்று பொருள். கூட்டத்தில் ஒரு யோசனையை "டேபிள்" செய்வது இன்னும் மோசம்: பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் விவாதத்தையே ஒத்திப்போடுவது. சட்டமன்றத்தில் "டேபிள் செய்யப்பட்டது" என்று நாம் படித்துப் பழகியது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்க வாடிக்கையாளரோடு நடக்கும் அழைப்பில் அந்தச் சொல்லைத் தொடாமல் "ப்ரொபோஸ்" என்று போய்விடுவது உத்தமம். புதுக்கோணத்தில் யோசி என்னும் "திங்க் அவுட்சைட் த பாக்ஸ்" இலக்கணப்படி சரிதான், தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

குறைகள். மூன்று தளங்களிலும் விளம்பரத் தொல்லை உண்டு. சின்னத் திரையில் பொருளைத் தேடி விரலால் நெடுந்தூரம் இறங்க வேண்டியிருக்கும். கேம்பிரிட்ஜிலும் லாங்மேனிலும் பதிவின் கீழ்ப்பகுதியில் உரைத்தொகுப்பிலிருந்து, அதாவது நிஜப் புழக்கத்திலிருந்து திரட்டிய எழுத்திலிருந்து, எடுத்த வாக்கியங்கள் வருகின்றன. அவை கற்பவருக்காக எழுதப்பட்டவை இல்லை. முன்பின் தெரியாமல் பாதியில் வெட்டியது போல் இருக்கும். தொடக்க நிலையில் இருப்பவர் அவற்றைத் தாண்டிவிடலாம். லாங்மேனின் இணையப்பக்கம் தோற்றத்தில் பழசு, சொல்லுக்குள் பொருள்கள் அதிகமானால் பக்கம் முடிவில்லாமல் நீளும்.

கேம்பிரிட்ஜ் தளத்தில் ஆங்கிலம்–தமிழ் பகுதியும் இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்குச் சரி. "ஷுட்", "மைட்" போன்றவற்றுக்குத் தமிழ் ஒரு சொல்லில் கிடைக்காது, யார் தொகுத்தாலும் கிடைக்காது. கலைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் தேடுகிறவர்களுக்கு அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவாகி 1960களில் வந்த சென்னைப் பல்கலைக்கழக அகராதி இன்றும் பொக்கிஷம். பேச்சின் தொனிக்கு அதைத் திறப்பது, துணிக்கடையில் தங்கம் எடை போடச் சொல்வது மாதிரி. பலருக்குப் பிடித்த மேக்மில்லன் அகராதித் தளம் 2023இல் மூடப்பட்டுவிட்டது, பழைய பரிந்துரைகளை நம்பி அங்கே போக வேண்டாம். நான்காவதாக ஒன்று வேண்டுமென்றால் காலின்ஸ் தளத்தில் இருக்கும் கோபில்ட். 1987இலிருந்து அதன் பாணி, பொருளையே முழு வாக்கியமாகச் சொல்வது: "நீங்கள் ஒரு யோசனையை இப்படிச் செய்தால்" என்று தொடங்கும். யார், எதை, எப்படி என்ற மூன்றும் விளக்கத்திலேயே வந்துவிடும்.

பயன்படுத்தும் முறை: ஒரு தொடருக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் ஒதுக்குங்கள். லாங்மேனைத் திறந்து பொருளும், கூடவரும் சொற்களும், ஒரு வாக்கியமும். பின்னால் வரும் வடிவம் "-இங்"கா, "டு"வா, மொட்டை வினையா என்று ஆக்ஸ்ஃபோர்டில் சரிபாருங்கள். கேம்பிரிட்ஜ் கிராமரில் காரத்தைப் பார்த்து, யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று ஒரு வரி. கடைசியில் ஒலியைக் கேட்டு மூன்று முறை திருப்பிச் சொல்லுங்கள். ஒரு தொடருக்குப் பத்து நிமிடம். பன்னிரண்டு தொடர்கள் போதும்: "ஷுட்", "ஹேட் பெட்டர்", "இஃப் ஐ வேர் யூ", "ஒய் டோன்ட் யூ", "ஹவ் அபவுட்", "ஹேவ் யூ ட்ரைட்", "மைட் வான்ட் டு", "மைட் பி வொர்த்", "சஜஸ்ட்", "ரெகமெண்ட்", "கம் அப் வித்", "ஸ்லீப் ஆன் இட்". நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வாரத்துக்குள் முடியும்.

அலுவலக மின்னஞ்சலில் "கைண்ட்லி சஜஸ்ட் மீ அண்ட் ரிவர்ட் பேக்" என்று எழுதும் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். "மீ" போக வேண்டும். "ரிவர்ட்" பதில் என்ற பொருளில் நம் பக்கத்தில் ஓடும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. "பேக்" மிகை. "குட் யூ சஜஸ்ட் அ டேட் தட் வொர்க்ஸ் ஃபார் யூ?" என்று எழுதினால் அந்த வரிக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.